நாணயத்தின் தோலும் வளையத்தின் ஒளியும்



உங்கள் சட்டைப்பையிலோ பணப்பையிலோ ஒரு ரூபாய் நாணயம் இருக்குமாயின் அதனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு பொறிக்கப்பட்டுள்ள இடத்துக்குக் கீழே சற்றே உற்று நோக்குங்கள். அங்கே வைர வடிவில் ஒரு சிறு குறி இருந்தால், அந்நாணயம் மும்பையில் அடிக்கப்பட்டது. விண்மீன் இருந்தால் ஹைதராபாத்தில் அடிக்கப்பட்டது. வட்டப் புள்ளி இருந்தால் நொய்டாவைச் சேர்ந்தது. குறி எதுவுமே இல்லையென்றால், அது கொல்கத்தா நாணயச்சாலையில் பிறந்தது. நீங்கள் தில்லியில் வாழ்ந்தாலும், நாகபுரியில் வாழ்ந்தாலும், குறியற்ற அந்த நாணயம் எங்கள் ஊரிலிருந்து உங்களைத் தேடி வந்த ஒரு சிறு விருந்தாளி என்று கொள்ளலாம்.

சென்னைவாசிகள் தங்கசாலை என்று வழங்கும் அத்தகைய தொழிற்கூடம் கொல்கத்தாவில் அலிப்பூர் என்னும் பகுதியில் அமைந்துள்ளது. 1952-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது அங்கே திறக்கப்பெற்றது. தென் கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாங்கள் அலிப்பூரை நன்கு அறிவோம். விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு விலங்குக்காட்சிச் சாலைக்குச் செல்வது அங்கேதான். பெல்வெடீர் மாளிகை வளாகத்தில் தேசிய நூலகம் இருப்பதும் அங்கேதான். மழை வருமா, வெயில் அடிக்குமா என்று வானிலை அறிக்கையைக் கேட்கும்போதெல்லாம் அலிப்பூர் என்ற பெயர் எங்கள் காதில் விழும். பொருள்களின் தரத்தைச் சோதிப்பதற்கென 1912-இல் இரயில்வே வாரியத்தின் கீழ்த் தோன்றிப் பின்னர்த் தேசிய சோதனைச்சாலை எனப் பெயர் பெற்ற நிலையமும் நெடுங்காலம் அலிப்பூரிலேயே பணியாற்றியது. இரும்பு உறுதியானதா, சிமெண்டு கலப்பற்றதா என்றெல்லாம் அங்கே சோதித்துச் சொன்னார்கள்.

இன்று நாம் ஆராயப் புகுவது, அந்த நாணயத்தைப் பற்றிய எளிய கேள்வி ஒன்றையே. கொல்கத்தாவின் ஆடி, ஆவணி மாதங்களில் காற்றே ஈரத் துணிபோல் இருக்கும். வீட்டுச் சன்னல் கம்பிகள் துருப்பிடிக்கின்றன, அரிவாள்மணை துருப்பிடிக்கின்றது, பூட்டும் சாவியும் துருப்பிடிக்கின்றன. ஆனால் நாணயம் மட்டும் பளபளவென்றே இருக்கின்றது. அந்த ஒரு ரூபாய் நாணயத்திலும் நூற்றுக்கு 83 பங்கு இரும்புதான் உள்ளது. எஞ்சிய 17 பங்கு குரோமியம். அப்படியிருக்க, அது ஏன் துருப்பிடிப்பதில்லை?

விடை நாணயத்தின் உள்ளே இல்லை. அதன் தோலில் இருக்கின்றது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி, உலோகத்தின் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றது. அப்படலம் காற்றையும் நீரையும் உள்ளே விடாமல் காக்கின்றது. நாணயத்தைக் கல்லில் உரசிக் கீறினாலும், கீறிய இடத்தில் உடனே புதிய படலம் தோன்றிவிடும். காயம் ஆறும்போது தோல் வளர்வதைப் போன்றதே இது. இந்தத் தோலின் பருமன் எவ்வளவு? சுமார் 1 நானோமீட்டரிலிருந்து 3 நானோமீட்டர் வரை. அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒன்று முதல் மூன்று கூறுகள். 2 மில்லிமீட்டர் பருமனுள்ள நாணயம் ஒன்றை 2 கிலோமீட்டர் உயரமுள்ள மலையாகப் பெருக்கிவிட்டோம் என்று கற்பனை செய்யுங்கள். அப்போதும் அந்தத் தோலின் பருமன் ஒரு நாணயத்தின் பருமனளவே இருக்கும். மலை முழுவதையும் அழிவிலிருந்து காப்பது அந்த ஒரு நாணயப் பருமன் உள்ள போர்வைதான்!

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. மனிதருக்கு அது பொருந்தலாம், உலோகத்துக்குப் பொருந்தாது. உலோகத்தின் அகம் வேறு, முகம் வேறு. உள்ளேயிருக்கும் ஓர் அணுவுக்கு நாற்புறமும் மேலும் கீழும் அண்டை அணுக்கள் உண்டு. மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்கோ ஒரு புறம் துணையே இல்லை. அது தெருக்கோடி வீட்டைப் போன்றது. ஆதலின் அங்குள்ள அணுக்கள் இடம் பெயர்ந்து, நெருங்கியும் விலகியும், புதியதோர் ஒழுங்கை மேற்கொள்ளுகின்றன. துருப்பிடித்தல், ஒட்டுதல், தேய்தல், வழுக்குதல், இரசாயன மாற்றம் அடைதல் ஆகியவற்றுள் பெரும்பாலானவை அந்த மேற்பரப்பில்தான் தொடங்குகின்றன.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 1943-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஹௌரா பாலத்தில் 26,500 டன் எஃகு உள்ளது. அத்துணைப் பெரிய பாலத்தின் தூண்களின் அடிப்புறக் கவசத் தகடுகளை, வழிப்போக்கர்கள் உமிழ்ந்த வெற்றிலைப்பாக்கு எச்சில் அரித்துத் தின்றுவிட்டது. பின்னர் அவற்றுக்கு நார்க்கண்ணாடி உறையிட்டுக் காக்க வேண்டியதாயிற்று. நம் பாம்பன் கடலில் 1914-இல் திறக்கப்பெற்ற பழைய இரயில் பாலம் உப்புக் காற்றினால் அரிக்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இரயில் போக்குவரத்தை இழந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பெற்றது. இராமேசுவரத்துக்குப் புறப்பட்ட யாத்திரிகர்கள் இடையில் இரண்டாண்டுகளுக்கு மேலாக மண்டபத்தோடு இரயிலை விட்டிறங்க நேர்ந்தது. இரும்பின் தோலைப் பற்றி மனிதன் அறிய விரும்புவதற்கு இவற்றினும் வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தோலைக் காண்பது எங்ஙனம்? சுரண்டி எடுத்தால் சிதைந்துவிடும். நீரிலிருந்து எடுத்து உலர்த்தினால் மாறிவிடும். இருந்த இடத்தில் இருந்தபடியே காண வேண்டும். சாதாரண ஒளியால் இது கூடாது. அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு ஒரு மில்லிமீட்டரின் கோடியில் சில பங்கு. நம் கண் காணும் ஒளியலையின் நீளமோ அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. மீன்வலையின் கண் பெரிதாக இருந்தால் அயிரை மீன் தப்பிவிடுவதைப் போல, அணுக்களும் அந்த ஒளிக்குத் தப்பிவிடுகின்றன.

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் கண்டறிந்த எக்ஸ்-கதிர்கள் இக்குறையைத் தீர்த்தன. அவற்றின் அலைநீளம் அணுக்களின் இடைவெளியை ஒத்தது. 1912-இல் லாவே என்பாரின் ஆலோசனைப்படி ஒரு படிகத்தினூடே எக்ஸ்-கதிர்களைச் செலுத்தினர். அப்பால் வைத்த புகைப்படத் தகட்டில் கோலப் புள்ளிகளைப்போல ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. நம் இல்லங்களில் புள்ளிகளை வைத்துக் கோடிழுத்துக் கோலமாக்குகின்றார்கள். விஞ்ஞானிகள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: கிடைத்த புள்ளிகளைக் கொண்டு, அவற்றை உண்டாக்கிய அணுக்களின் கோலம் யாதென்று கணக்கிட்டார்கள். அக்கணக்கின் வழியைக் காட்டிய பிராக் என்னும் தந்தையும் மகனும் 1915-இல் நோபல் பரிசு பெற்றனர். மகனுக்கு அப்போது வயது 25.

இந்தக் கலை கொல்கத்தாவுக்குப் புதியதன்று. இதன் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கின்றார். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டில் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். நம்மில் பலரைப் போலவே அவரும் உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்தவரே. பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடம். 1928 பிப்ரவரி 28-இல் அவர் கண்ட ஒளிச் சிதறல் உலகப் புகழ் பெற்றது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1923-இல், அவரும் கே. ஆர். இராமநாதனும் நீர்ப்பொருள்களினூடே எக்ஸ்-கதிர்கள் சிதறும் விதத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். அதே சங்கத்தில் பணியாற்றிய கேதாரேசுவர் பானர்ஜி, 1930-இல் நாப்தலீன், ஆந்த்ரசீன் என்னும் பொருள்களின் படிக அமைப்பை எக்ஸ்-கதிர்களால் அறிந்து வெளியிட்டார். பெட்டியில் துணிகளுக்கிடையே நாம் இடும் பூச்சி உருண்டை நாப்தலீனால் செய்யப்படுவது. அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை உலகுக்குச் சொன்ன ஊர்களுள் கல்கத்தாவும் ஒன்று.

எனினும் பானர்ஜி முதலியோர் கண்டது பொருளின் அகத்தை. முகத்தைக் காண்பது அதனினும் அரிது. ஏனெனில், எக்ஸ்-கதிர் பொருளினுள் ஆழப் பாய்வது. உள்ளேயிருக்கும் கோடானுகோடி அணுக்கள் எதிரொலிக்கும் ஓசையில், மேற்பரப்பிலுள்ள சில அணு அடுக்குகளின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகின்றது. ஹௌரா இரயில் நிலையத்தில் மாலை நேரக் கூட்டத்தின் நடுவே நின்று, ஒரு குழந்தை முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்றது அது. இதற்கு இரண்டு உபாயங்கள் வேண்டும். ஒன்று, கதிர் உள்ளே ஆழ்ந்துவிடாமல் மேற்பரப்பிலேயே தங்கும்படி செய்தல். மற்றொன்று, அந்த மெல்லிய குரலும் கேட்கும்படி கதிரின் வலிமையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்குதல்.

முதல் உபாயத்தை நம் சிறுவர்கள் அறிவார்கள். குளக்கரையில் நின்று ஓட்டாஞ்சில்லை மேலிருந்து போட்டால் அது மூழ்கிவிடும். குனிந்து, நீர்மட்டத்தை ஒட்டித் தாழ வீசினால் தத்தித் தத்திச் செல்லும். எக்ஸ்-கதிரும் அவ்வாறே. உலோகப் பரப்பின்மீது அரைப் பாகைக்கும் குறைந்த சாய்வில் அதனைச் செலுத்தினால், அது உள்ளே ஆழாமல் முழுவதும் பிரதிபலித்துத் திரும்பிவிடும். அவ்வாறு திரும்பும்போது சில நானோமீட்டர் ஆழத்தை மட்டுமே தடவிப் பார்த்து வரும். நமக்கு வேண்டிய தோலின் ஆழமும் அதுவே!

ஆனால் இவ்வளவு சாய்வாக விழும் கதிர் ஊசிமுனைபோல் மெல்லியதாகவும், சிதறாததாகவும், மிகுந்த வலிமையுடையதாகவும் இருத்தல் வேண்டும். மருத்துவமனைகளில் காணும் எக்ஸ்-கதிர்க் குழாய் இதற்குப் போதாது. இங்கேதான் இரண்டாம் உபாயமாகிய சிங்க்ரோட்ரான் வருகின்றது.

சேறான சாலையில் விரைந்தோடும் சைக்கிள் சக்கரத்திலிருந்து நீர்த்துளிகள் தெறிப்பதைக் கண்டிருக்கின்றோம். அவை சக்கரத்தோடு சுற்றுவதில்லை. விட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் பாய்கின்றன. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்களைக் காந்தங்களால் வளைத்து வட்டமாக ஓடச் செய்தால், வளையுந்தோறும் அவை இவ்வாறே ஒளியைத் தெறிக்கின்றன. 1947 ஏப்ரலில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சுவருடைய ஒரு சிங்க்ரோட்ரான் இயந்திரத்தில் இந்த ஒளி முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்பட்டது. தொடக்கத்தில் அணுவியல் அறிஞர்கள் இதனை வீண் நட்டம் என்றே கருதினார்கள். எலெக்ட்ரான்களை விரைவுபடுத்த அவர்கள் ஊட்டிய ஆற்றல் ஒளியாகக் கழிந்துகொண்டிருந்தது. பிறகுதான் அந்தக் கழிவே பெருஞ்செல்வம் என்பது விளங்கிற்று. கரும்பாலையில் எறிந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருளான கதை இது. இன்று உலகின் பல நாடுகள் அந்த ஒளிக்கென்றே வளையங்கள் அமைத்துள்ளன. அவை தரும் எக்ஸ்-கதிர், சாதாரணக் குழாய் தருவதைக் காட்டிலும் கோடிக்கணக்கான மடங்கு பிரகாசமானது.

இவ்விரண்டு உபாயங்களும் கூடியபோது பழைய வழக்குகள் பல தீர்ந்தன. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். சில கரைசல்களில் அமிழ்ந்த இரும்பின் மேலும் நாணயத்திற்கு உள்ளது போன்றதொரு காப்புத் தோல் உண்டாகும். அது கண்ணாடியைப் போல ஒழுங்கற்றதா, அன்றிப் படிகத்தைப் போல ஒழுங்குடையதா என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டு வந்தனர். 1997-இல் டோனி, டேவன்போர்ட் முதலியோர் சிங்க்ரோட்ரான் ஒளியால் ஆராய்ந்து, அத்தோல் நுண்ணிய படிகங்களால் ஆனது என்றும், காந்தக்கல்லின் அணு அமைப்புக்கு உறவுடைய ஓர் அமைப்பை அது கொண்டுள்ளது என்றும், அதில் அங்கங்கே அணு இருக்க வேண்டிய சில இடங்கள் வெறுமையாக உள்ளன என்றும் காட்டினர். தோலின் அமைப்புத் தெரிந்தால்தான், அது எங்கே கிழியும், எப்படித் தைக்கலாம் என்று எண்ண முடியும்.

நீர்ப்பொருளின் முகத்தையும் இவ்வாறே கண்டனர். அசையாத குளம் என்று நாம் நினைக்கும் பரப்பும் உண்மையில் அசையாததன்று. வெப்பத்தின் காரணமாக அணுவளவான சிற்றலைகள் அதில் ஓயாமல் எழுந்து அடங்குகின்றன. எதனால் என்னும் சாராயத் திரவத்தின் மேற்பரப்பில் அந்தச் சிற்றலைகளை அளந்து 1991-இல் வெளியிட்ட நால்வருள் மிலன் குமார் சன்யால், சுனில் சின்கா ஆகிய இருவர் இந்தியர். அமெரிக்காவில் புரூக்கேவன் என்னுமிடத்திலிருந்த வளையத்தில் அச்சோதனை நடந்தது.

அந்தச் சன்யால் கொல்கத்தாவிலுள்ள சாகா அணுக்கரு இயற்பியல் நிலையத்தைச் சேர்ந்தவர். மேக்நாத் சாகா நிறுவ, 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்த நிலையம் அது. அங்குள்ளவர்கள் மேற்பரப்புகளையும், நீரின் மேல் ஒரே மூலக்கூறு கனமாகப் படரும் படலங்களையும் ஆராய்வதில் பெயர் பெற்றவர்கள். ஆனால் அதற்குரிய வலிய ஒளி கொல்கத்தாவில் இல்லை. என் செய்தார்கள்? மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன், ஜப்பானில் சுகுபா நகரிலுள்ள போட்டான் பாக்டரி என்னும் வளையத்தின் ஓர் ஒளிவழியில், 2009-ஆம் ஆண்டையொட்டி, இந்தியருக்கென ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார்கள். 1982-இல் தொடங்கிய அவ்வளையம் ஜப்பானியருடையது. அதன் ஒளி வந்து விழும் ஒரு சிறு கூடம் நம்முடையது.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது விளங்காத ஏற்பாடன்று. ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் யாருடைய மாளிகையிலோ ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அதிலே தமிழ்ச் சங்கத்தை நடத்தி, ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்பித்ததை நம்மில் மூத்தோர் அறிவார்கள். வீடு பிறருடையது, விளக்கு நம்முடையது. சுகுபாவிலோ வீடும் பிறருடையது, விளக்கும் பிறருடையது. அந்த விளக்கின் கீழ் வைத்துப் படிக்கும் ஏடு மட்டும் நம்முடையது. ஒளி கிடைக்கும் நேரம் மணிக்கணக்கில் அளந்து தரப்படும். ஆதலின் அங்குச் செல்லும் ஆராய்ச்சி மாணவர் இரவென்றும் பகலென்றும் பாராமல், ஒருவர் உறங்க ஒருவர் விழித்துக் காரியம் பார்ப்பது எல்லா வளையங்களிலும் வழக்கம். பல மாதங்கள் பாடுபட்டுச் செய்த ஒரு சிறு தகடு வழியில் ஈரம் பட்டாலும் கீறல் பட்டாலும் பயணமே வீணாகும். திரும்பிச் செல்ல அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் வளையமே இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் நகரத்தில், இராஜா இராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இரண்டு வளையங்கள் உள்ளன. சிறியதாகிய இண்டஸ்-1 1999-இல் செயற்படத் தொடங்கிற்று. பெரியதாகிய இண்டஸ்-2 வளையத்தில் 2005-இல் முதன்முதலாக எலெக்ட்ரான் கற்றை நிலைநிறுத்தப்பட்டது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர். எலெக்ட்ரான்கள் அதனை ஒரு வினாடியில் சுமார் 17 இலட்சம் முறை வலம் வருகின்றன. இந்தூரிலும் போபாலிலும் வாழும் தமிழ் நேயர்கள் தங்கள் ஊர்ப் பக்கத்தில் இத்தகைய ஒளி எரிகின்றது என்று பெருமை கொள்ளலாம். நம்மவர் வடிவமைத்து, நம்மவர் கட்டி, நம்மவர் நடத்தி வரும் வளையங்கள் அவை.

எனினும் உலகம் நிற்கவில்லை. இண்டஸ்-2 வளையத்தின் ஆற்றல் 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டு. பிரான்சில் கிரனோபிளிலுள்ள வளையம் 6. அதன் சுற்றளவு 844 மீட்டர். ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளையமோ 8. அவற்றின் ஒளி மேலும் கூரியது. மேலும் ஆழ்ந்து ஆராய வல்லது. அத்தகைய வளையம் ஒன்று நம் நாட்டிலும் வேண்டும் என்று இந்திய விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றார்கள். அதற்கு ஆகும் செலவோ மிகப் பெரிது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகின்றது. குடிநீரும் பள்ளிக்கூடமும் இன்னும் வேண்டியிருக்கும் நாட்டில், அணுவின் முகம் பார்க்க இவ்வளவு பொருளைச் செலவிடலாமா? வெளிநாட்டில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்தால் போதாதா? இக்கேள்வியைக் கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்குதல் தகாது. வாடகைக் கூடத்தால் சிக்கனம் உண்டு. பிற நாட்டாருடன் பழகும் பயனும் உண்டு. ஆனால் அங்கே செல்லக்கூடியவர் சிலரே. பெரிய நிலையத்தின் மாணவர் செல்வார். திருநெல்வேலியிலோ பாங்குராவிலோ ஒரு சிறு கல்லூரியில் பயிலும் மாணவிக்கு அந்த வாயில் எளிதில் திறக்காது. உள்நாட்டு வளையமாயின், இரவு இரயில் ஏறினால் அடுத்த நாள் அவள் அங்கே இருப்பாள். ஒரே வளையத்தைச் சுற்றிப் பல ஒளிவழிகள் உள்ளன. ஒன்றில் பாலத்தின் துருவை ஆராயலாம். அடுத்ததில் மின்கலத்தை ஆராயலாம். அதற்கடுத்ததில் ஒரு நோய்க்கிருமியின் புரதத்தை ஆராயலாம். ஊர்ப் பொதுக்கிணறு போல, ஒருவர் வெட்டிப் பலர் நீர் இறைக்கும் ஏற்பாடு இது. கிணறு வெட்டச் செலவாகிறது என்பதால் என்றைக்கும் அண்டை ஊரில் நீர் எடுப்பதே போதும் என்று சொல்வோமா?

இதற்குச் சான்றாக ஒருவரைக் குறிப்பிடுவோம். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், மூன்று வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குச் சென்று அங்கே வளர்ந்து பயின்றவர். உங்கள் குழந்தைகளைப் போலவே அவரும் பிற மாநிலத்தில் வளர்ந்த தமிழ்க் குழந்தை. உயிரணுவுக்குள் புரதங்களைத் தொடுக்கும் ரைபோசோம் என்னும் நுண்பொறியின் சிறு பாகத்தின் அமைப்பை, சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு அறிந்து 2000-ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்டனர். 2009-இல் மற்றிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பயன்படுத்திய ஒளிகள் அனைத்தும் மேல்நாடுகளில் இருந்தவை. வெளியூர் சென்று கற்றல் குறையன்று. நாம் யாவரும் அப்படி வந்தவர்களே. ஆனால் செல்வது விருப்பத்தால் இருத்தல் வேண்டும்; ஊரில் விளக்கில்லை என்ற ஒரே காரணத்தால் இருத்தல் கூடாது. நமது கருத்து இதுவே.

முடிக்குமுன் மீண்டும் அலிப்பூருக்கு வருவோம். தேசிய நூலகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை அவர்களின் நூல் தொகுப்பு உள்ளது. அச்சு நூல்களோடு சுவடிகளும் அதில் அடங்கும். பழஞ்சுவடிகளைக் காணும்போது, 2005-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு வளையத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தாங்கிய பழந்தோல் ஏடு ஒன்றில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேல் பிரார்த்தனைகளை எழுதியிருந்தார்கள். பிற்காலத்தார் சில பக்கங்களில் ஓவியத்தையும் தீட்டிவிட்டனர். சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் அந்த ஓவியத்தினூடே சென்று, பழைய மையிலிருந்த இரும்பு அணுக்களை ஒளிரச் செய்தது. மறைந்த எழுத்துத் தெரிந்தது. நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் எழுத்தாணியால் கீறிக் கரி தடவினார்கள். இரும்பு மை இல்லை. ஆதலின் வழி வேறாக இருத்தல் வேண்டும். எனினும் ஒட்டிக்கொண்டு பிரிக்க இயலாத ஏடுகளைப் பிரிக்காமலே படிக்கும் நாள் வருமாயின், அதற்கு உதவுவது இத்தகைய ஒளியாகவே இருக்கும் என்று நம்புகின்றோம்.

நேயர்களே, உள்ளங்கையில் உள்ள நாணயத்தை மறுபடியும் பாருங்கள். அதை உங்கள் குழந்தையிடம் கொடுத்து, இது ஏன் துருப்பிடிக்கவில்லை என்று கேளுங்கள். உடனே விடை சொல்லிவிட வேண்டா. ஒரு நாள் முழுவதும் எண்ணிப் பார்க்க விடுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, அந்த நாணயத்தின் தோலைத் தானே காண விரும்பும் காலத்தில், அதற்குரிய ஒளி நம் நாட்டிலேயே ஓர் இரவு இரயில் தொலைவில் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதுவே நமது விருப்பம்.